அடிப்படைப் பணம் நான்கு மடங்கானபோது அசையாத விலைவாசி 2021இல் ஏறியது ஏன்?

வைகைக்கரையான் (கேள்வி):

முதுகலைப் பொருளியலில் பணவியல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடநூலில் உள்ளதையும் 2008க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

பாடநூல் சொல்லும் வழி இது. மத்திய வங்கி அடிப்படைப் பணத்தை வெளியிடுகிறது. வங்கிகள் அதில் ஒரு பங்கை ரொக்க இருப்பாக வைத்துக்கொண்டு மீதியைக் கடனாகக் கொடுக்கின்றன. அந்தக் கடன் இன்னொரு வங்கியில் வைப்பாகி, மறுபடியும் கடனாகி, பணப்பெருக்கியின் வழியே மொத்தப் பண அளிப்பு பன்மடங்காகிறது. அதன்பின் ஃபிஷரின் சமன்பாடு வருகிறது: சுழற்சி வேகமும் (பணம் ஆண்டில் எத்தனை முறை கைமாறுகிறது என்பது) உற்பத்தியும் குறுகிய காலத்தில் அதிகம் மாறாத நிலையில், பணம் கூடிய விகிதத்தில் விலைவாசியும் கூடியாக வேண்டும்.

2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் அடிப்படைப் பணம், அதாவது புழக்கத்திலுள்ள நோட்டுகளும் மத்திய வங்கியாகிய ஃபெடரல் ரிசர்வில் (ஃபெட்) வங்கிகள் வைத்திருக்கும் இருப்பும் சேர்ந்த தொகை, ஏறத்தாழ 85,000 கோடி டாலர். 2014இல் அது 4 லட்சம் கோடி டாலரை எட்டிவிட்டது. 2010 நவம்பரில் 60,000 கோடி டாலருக்கு அரசுப் பத்திரங்களை வாங்கும் இரண்டாம் சுற்று அறிவிக்கப்பட்டபோது, பொருளியலாளர்களும் முதலீட்டாளர்களும் சிலர் சேர்ந்து ஃபெட்டின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இதனால் டாலரின் மதிப்பு கெட்டுப் பணவீக்கம் வரும் என்று எச்சரித்தார்கள். வரவில்லை. 2012 ஜனவரியில் ஃபெட் தனக்கென வகுத்துக்கொண்ட 2 விழுக்காடு இலக்கைக்கூட அதன்பின் வந்த பெரும்பாலான ஆண்டுகளில் பணவீக்கம் தொடவில்லை.

அப்படியானால் பணம் கூடினால் விலையும் கூடும் என்னும் பண அளவுக் கோட்பாட்டைக் கைகழுவிவிடலாம் என்று பார்த்தால், பெருந்தொற்றுக் காலம் குறுக்கே வந்து நிற்கிறது. மீண்டும் பத்திரக் கொள்முதல், மீண்டும் பூஜ்யத்தை ஒட்டிய வட்டி. ஆனால் இம்முறை நுகர்வோர் விலைவாசியின் ஆண்டு ஏற்றம் 2022 ஜூனில் 9.1 விழுக்காடானது. மத்திய வங்கி அதே வங்கி, கருவியும் அதே கருவி, விளைவு மட்டும் நேர் எதிர். மத்திய வங்கி உண்மையில் எதைத்தான் கட்டுப்படுத்துகிறது, பணத்தின் அளவையா, அதன் விலையாகிய வட்டியையா? அளவு முக்கியமில்லை என்பவர்கள் 2021ஐ எப்படி விளக்குகிறார்கள், முக்கியம் என்பவர்கள் 2010ஐ எப்படி விளக்குகிறார்கள்?


பேரேடு:

நான் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் வேலை பார்த்தவன். கோட்பாட்டுக்குள் போவதற்கு முன் கணக்குப் புத்தகத்தைத் திறப்பது என் வழக்கம். பணப்பெருக்கி பற்றிய பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வங்கி கடன் கொடுக்கும்போது வேறொருவர் போட்டுவைத்த பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. கடன் வாங்குபவரின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைக்கிறது. அந்த ஒரே பதிவில் வங்கிக்குக் கடன் என்ற சொத்தும், வைப்பு என்ற பொறுப்பும் சேர்ந்தே உண்டாகின்றன. கடன் திரும்பி வரும்போது இரண்டும் சேர்ந்தே மறைகின்றன. இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டு இதழிலும், ஜெர்மனியின் பூண்டெஸ்பாங்க் 2017இல் தன் மாத அறிக்கையிலும் இதை ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டன. வங்கியின் கையைக் கட்டுவது ரொக்க இருப்பு அல்ல. மூலதனம், வட்டி விகிதம், நம்பிக் கடன் கொடுக்கத்தக்க ஆள் கிடைப்பது ஆகியவையே அதைச் செய்கின்றன.

அடுத்து இருப்புப் பணத்தின் தன்மை. ஃபெடரல் ரிசர்வில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இடையே மட்டும் கைமாறக்கூடிய பணம் அது. ஒரு வங்கி அதை இன்னொரு வங்கிக்குத் தரலாம், அரசின் கணக்கில் கட்டலாம், நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவரிடம் அதை எடுத்துக் கொடுக்க வழியே கிடையாது. ஆகையால் வங்கிகள் அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காமல் பூட்டி வைத்துக்கொண்டன என்று 2010 வாக்கில் பத்திரிகைகள் எழுதிய குற்றச்சாட்டுக்கே பொருள் இல்லை. எல்லா வங்கிகளும் சேர்ந்து முயன்றாலும், நோட்டாக வெளியேயோ அரசின் கணக்குக்கோ போவதைத் தவிர, மொத்த இருப்பை அவற்றால் குறைக்க முடியாது. ஒன்றின் கையிலிருந்து போவது மற்றொன்றின் கைக்குத்தான் வந்து சேரும்.

2010இல் ஒரு கொள்முதலை எடுத்துக்கொள்வோம். ஓர் ஓய்வூதிய நிதியத்திடமிருந்து 10 லட்சம் டாலர் பத்திரத்தை ஃபெட் வாங்குகிறது. ஃபெட்டின் ஏட்டில் பத்திரம் சொத்தாக வருகிறது, நிதியம் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் இருப்பில் 10 லட்சம் ஏறுகிறது. அந்த வங்கி நிதியத்தின் கணக்கில் 10 லட்சம் வரவு வைக்கிறது. நிதியத்திடம் பத்திரம் போய் வைப்பு வந்திருக்கிறது. அதன் செல்வம் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. அது இந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகாது. வேறு பத்திரமோ பங்கோ வாங்கும். இதனால் நீண்டகால வட்டி சற்று இறங்கும், பங்கு விலை சற்று ஏறும். அதே காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கடனை அடைப்பதில் மும்முரமாக இருந்ததால், ஒரு பக்கம் பிறந்த வைப்பை மறுபக்கம் கடனடைப்பு தின்றுகொண்டிருந்தது.

வட்டிக்கு வருகிறேன். 2008 ஆகஸ்டில் அமெரிக்க வங்கிகளின் மொத்த இருப்பே 4,500 கோடி டாலர் அளவுதான். சட்டம் கேட்டதற்கு மேல் இருந்தது சுமார் 200 கோடி. இவ்வளவு இறுக்கமான நிலையில் ஃபெட்டின் சார்பில் சந்தையில் இயங்கும் நியூயார்க் ஃபெட் தினமும் காலையில் சிறிதளவு பத்திரத்தை வாங்கியோ விற்றோ, வங்கிகள் தமக்குள் ஒரே இரவுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியாகிய ஓரிரவு வட்டியை இலக்கில் நிறுத்த முடிந்தது. 2008 அக்டோபரில் இருப்புக்கே வட்டி தரும் அதிகாரம் கைக்கு வந்ததும் முறையே மாறிவிட்டது. ஃபெட்டில் சும்மா வைத்தாலே கால் விழுக்காடு கிடைக்கும் என்றால் எந்த வங்கியும் அதைவிட வெகுவாகக் குறைந்த வட்டிக்கு வெளியே கொடுக்காது. இருப்பு 1 லட்சம் கோடி என்றாலும் 3 லட்சம் கோடி என்றாலும் வட்டி அந்தத் தளத்தில் நிற்கும். அளவுக்கும் விலைக்கும் இருந்த முடிச்சு அன்று அவிழ்ந்தது. 2015 டிசம்பரில் வட்டியை உயர்த்தத் தொடங்கியபோது ஃபெட் ஒரு பத்திரத்தைக்கூட விற்கவில்லை. இருப்புக்குத் தரும் வட்டியை அரை விழுக்காடாக்கி, ரிவர்ஸ் ரெப்போவுக்கு, அதாவது பத்திரத்தை ஈடாகத் தந்து ஃபெட் ஓரிரவுக்குப் பணம் வாங்கும் முறைக்கு, கால் விழுக்காடு வைத்தது, அவ்வளவுதான்.

இதற்கும் எல்லை உண்டு. 2019 செப்டம்பரின் நடுவில், நிறுவனங்கள் காலாண்டு வரி கட்டும் நாளும் புதிய அரசுப் பத்திரங்களுக்குப் பணம் செலுத்தும் நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வங்கிகளின் இருப்பிலிருந்து பெருந்தொகை அரசின் கணக்குக்கு நகர்ந்தது. அப்போதும் மொத்த இருப்பு 1.4 லட்சம் கோடி டாலரை ஒட்டி இருந்தது. 2008இல் இருந்ததைப் போல முப்பது மடங்கு. இருந்தும் செப்டம்பர் 17 அன்று பத்திரத்தை ஈடு வைத்து வாங்கும் ஓரிரவுக் கடனாகிய ரெப்போவின் வட்டி, இரண்டு விழுக்காட்டுச் சொச்சத்திலிருந்து சில பரிவர்த்தனைகளில் 10 விழுக்காடு வரை போனது. நியூயார்க் ஃபெட் அன்றே 7,500 கோடி டாலர் வரை ரெப்போவில் இறக்க வேண்டியதாயிற்று. ஆகவே மத்திய வங்கி விலையைத்தான் நிர்ணயிக்கிறது. அந்த விலையில் வங்கிகளுக்குத் தேவைப்படும் அளவைத் தந்தாக வேண்டிய இடத்தில் அது இருக்கிறது.


நாணயசாலை:

நண்பர் பேரேடு எழுதிய பதிவுகள் சரியானவை. அவற்றிலிருந்து இறக்கிய முடிவு சரியில்லை.

பண அளவே விலைவாசியைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்ட பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் வழியில் வந்தவர்கள் பணம் என்று சொன்னது மக்கள் கையிலும் நிறுவனங்கள் கையிலும் இருக்கும் வைப்பையும் நோட்டையும். மத்திய வங்கியில் கிடக்கும் இருப்பு அவர்களுக்கு ஒரு வழியே தவிர இலக்கு அல்ல. அவரும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1929–33 பெருமந்தத்தைப் பற்றி நிறுவியதே இதுதான். அந்த நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவின் பண அளிப்பு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அடிப்படைப் பணம் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. வங்கிகள் அடுத்தடுத்து விழுந்து வைப்புகள் அழிந்துகொண்டிருந்தபோது, இருப்பைப் பார்த்துக்கொண்டு பணம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தவர்கள்தான் அன்று பிழை செய்தவர்கள். 2002இல் ஃப்ரீட்மனின் தொண்ணூறாம் பிறந்தநாள் விழாவில் பெர்னான்கி ஃபெட்டின் சார்பில் இதற்கு வருத்தம் தெரிவித்தார் என்பதும், அதே பெர்னான்கிக்குத்தான் 2010இல் அந்தக் கடிதம் போனது என்பதும் சுவையான முரண்.

இப்போது விரிந்த பண அளிப்பை மட்டும் வைத்து இரண்டு காலத்தையும் பாருங்கள். 2010 முதல் 2014 வரை எம்2, அதாவது நோட்டும் நடப்பு, சேமிப்பு வைப்புகள் போன்றவையும் சேர்ந்த தொகை, ஆண்டுக்குச் சராசரியாக ஆறு, ஏழு விழுக்காடு அளவில்தான் வளர்ந்தது; நெருக்கடியில் பயந்துபோனவர்கள் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்ததால் சுழற்சி வேகமும் இறங்கியது. பணவீக்கம் வராததில் வியப்பு என்ன இருக்கிறது? 2020 பிப்ரவரியில் எம்2 15 லட்சம் கோடி டாலருக்குச் சற்று மேல். இரண்டே ஆண்டுகளில் அது 21 லட்சம் கோடியைத் தாண்டியது, அதாவது 40 விழுக்காடு ஏற்றம். 2021 தொடக்கத்தில் ஆண்டு வளர்ச்சி 25 விழுக்காட்டுக்கும் மேல். அடுத்த ஆண்டே விலைவாசி ஏறியது. 2022இன் இறுதியில் எம்2 முந்தைய ஆண்டைவிடக் குறையத் தொடங்கியது, பணவீக்கமும் தணிந்தது. இவ்வளவு தெளிவான நிகழ்ச்சியை வைத்துக்கொண்டும் அளவுக்கு வேலையில்லை என்பது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

வட்டிதான் எல்லாம் என்போரிடம் ஒன்றைக் கேட்கிறேன். 2010இலும் 2021 முழுவதிலும் ஃபெட்டின் இலக்கு வட்டி பூஜ்யம் முதல் கால் விழுக்காடு வரைதான். விலை இரண்டிடத்திலும் ஒன்றாக இருக்க, விளைவு வேறுபட்டிருக்கிறது. வேறுபட்டது அளவு.


வைகைக்கரையான்:

இருவருக்கும் நன்றி. நாணயசாலை அவர்களின் வாதம் வலுவாகத் தெரிகிறது; ஆனால் அதுவே என்னை அடுத்த சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. விரிந்த பண அளிப்பு இவ்வளவு நல்ல அறிகுறி என்றால், உலகின் மத்திய வங்கிகள் அதை இலக்காக வைப்பதை ஏன் கைவிட்டன? 1980களில் எல்லோருமே அதைச் செய்து பார்த்தார்கள் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நேராக, பணவீக்கத்தையும் உற்பத்தியையும் பார்த்து வட்டியை வைக்கச் சொல்லும் 1993இன் டெய்லர் விதிக்குப் போய்விட்டார்கள்.


தேம்ஸ்கரை:

அந்த ஒரு வரிக்குள் இருப்பதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இன்றைய நடைமுறை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

1979 அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை மாலை, ஃபெட்டின் அன்றைய தலைவர் பால் வோல்க்கர் செய்தியாளர்களை அழைத்து, இனி ஓரிரவு வட்டியைக் குறிவைக்காமல் வங்கிகளின் இருப்பு அளவைக் குறிவைத்து நடப்போம் என்று அறிவித்தார். அளவைப் பிடித்தால் விலை தாறுமாறாகும் என்பது பொருளியலில் முதல் பாடம். அப்படியே ஆயிற்று. ஓரிரவு வட்டி 1980 வசந்தத்தில் 17 விழுக்காட்டைத் தாண்டி, அந்தக் கோடையில் 9 அளவுக்கு விழுந்து, 1981 தொடக்கத்தில் 19ஐத் தொட்டது. பணவீக்கம் 1980 மார்ச்சில் இருந்த 14.8 விழுக்காட்டிலிருந்து 1982 முடிவில் 4க்குக் கீழே வந்தது. வேலையின்மை 10.8 விழுக்காடானது. பணவீக்கத்தை உடைத்தது அளவு இலக்கா, அல்லது அளவு இலக்கு என்ற திரைக்குப் பின்னால் அரசியல்வாதிகள் எவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க முடியாத அந்த வட்டியா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இரண்டாவதுதான் என்பது என் கருத்து. காரணம், இலக்காக வைத்த எம்1, அதாவது நோட்டும் நடப்புக் கணக்குப் பணமும், அந்த மூன்று ஆண்டுகளில் யாருடைய சொல்லையும் கேட்கவில்லை. 1981இல் நாடு முழுவதும் வட்டி தரும் நடப்புக் கணக்குகள் அனுமதிக்கப்பட்டன; சேமிப்பில் இருந்த பணம் அங்கே பாய்ந்ததும் எம்1 ஊதியது, ஆனால் செலவு கூடவில்லை. 1982 அக்டோபரில் ஃபெட் ஓசையின்றி விலகிக்கொண்டது.

பிரிட்டனில் கதை இன்னும் கசப்பானது. 1980இல் தாட்சர் அரசு நான்காண்டு நிதித் திட்டம் ஒன்றை வெளியிட்டு, ஸ்டெர்லிங் எம்3 (நோட்டும் பவுண்டு வைப்புகளும் சேர்ந்த விரிந்த பண அளவு) முதல் ஆண்டில் 7 முதல் 11 விழுக்காடு வளரலாம் என்று வரம்பிட்டது. அதே ஆண்டு ஜூனில், வங்கி வைப்புகள் வளராமல் 1973 முதல் கட்டிவைத்திருந்த ‘கார்செட்’ என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதுவரை வங்கிகள் ஏட்டுக்கு வெளியே ஒளித்து நடத்திவந்த கடன்களெல்லாம் ஏட்டுக்குள் வந்தன. எம்3 வளர்ச்சி இலக்கின் நடுப்புள்ளியைப் போல இரண்டு மடங்கு ஆயிற்று. அந்தக் கணக்கை நம்பினால் பணக்கொள்கை மிகத் தளர்வு; தொழிற்சாலைகளைப் பார்த்தால் மிகக் கடுமை. பணவீக்கமோ எம்3ஐக் கண்டுகொள்ளாமல் 1980இன் 20 விழுக்காட்டுக்கு மேலிருந்து 1983இல் 5க்கு அருகில் இறங்கியது. வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சமானது.

இங்கிலாந்து வங்கியில் இருந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975லேயே இதைச் சொல்லிவிட்டார்: புள்ளிவிவரத்தில் தென்படும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக்கான பிடியாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். கனடா வங்கியின் ஆளுநர் ஜெரால்ட் பூயி, பண அளவுகளை நாங்கள் கைவிடவில்லை, அவைதான் எங்களைக் கைவிட்டன என்றார்.

இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் வில்லியம் பூல் 1970இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. தேர்வுக்கு மட்டுமல்ல, மற்றதற்கும் அதைப் படியுங்கள். பொருளாதாரத்துக்கு வரும் அதிர்ச்சி செலவுப் பக்கத்திலிருந்து வந்தால் பண அளவை நிலையாக வைப்பது நல்லது, வட்டி தானே ஏறி இறங்கி அதிர்ச்சியைத் தாங்கும். அதிர்ச்சி பணத்தை வைத்திருக்கும் விருப்பத்திலிருந்து வந்தால் வட்டியை நிலையாக வைப்பது நல்லது, அளவு தானே கூடிக் குறைந்து ஈடுகட்டும். 1980களில் புதுப்புதுக் கணக்குகளும் நிதிக் கருவிகளும் வந்ததால் இரண்டாம் வகை அதிர்ச்சிதான் மேலோங்கியது. ஆகவே அளவு தோற்றது கோட்பாட்டின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துக்கு அது பொருந்தவில்லை. 1989இல் நியூசிலாந்து பண அளவு போன்ற இடை இலக்கு எதுவும் வேண்டாம், பணவீக்கத்தையே இலக்காக வைப்போம் என்று சட்டம் போட்டதும் மற்றவர்கள் பின்தொடர்ந்தது இதன் பிறகே.


பேரேடு:

தேம்ஸ்கரை அவர்கள் சொன்னதோடு சேர்த்து, நாணயசாலை கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்: வட்டி இரண்டு முறையும் பூஜ்யமாக இருந்தும் விளைவு மாறியது ஏன்?

1898இல் ஸ்வீடனின் நட் விக்செல் எழுதியது இதற்குப் போதும். வங்கி வசூலிக்கும் வட்டியைத் தனியாகப் பார்த்து அது தளர்வா கடுமையா என்று சொல்ல முடியாது. முதலீடும் சேமிப்பும் சமநிலையில் நிற்கும் இயற்கை வட்டியோடு அதை ஒப்பிட வேண்டும். 2010இல் எல்லோரும் கடனை அடைத்துக்கொண்டிருந்தபோது இயற்கை வட்டி பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. ஆகவே பூஜ்ய வட்டியும் அன்று கடுமையானதே. 2021இல் நிலைமை வேறு. 2020 மார்ச்சில் ஆளுக்கு 1,200 டாலர், டிசம்பரில் 600, 2021 மார்ச்சில் 1,400 என்று அரசு மக்களுக்கு நேராகக் காசோலை அனுப்பியது. அந்தக் காசோலையின் பதிவை மேலே நான் எழுதிய ஓய்வூதிய நிதியத்தின் பதிவோடு வைத்துப் பாருங்கள். இங்கேயும் ஃபெட்டிடம் ஒரு பத்திரம், வங்கியிடம் இருப்பு, ஒருவர் கணக்கில் வைப்பு என்றுதான் முடிகிறது. ஆனால் இம்முறை வைப்பு வந்தவர் அதற்கு ஈடாக எதையும் விற்கவில்லை. அவருடைய செல்வம் உண்மையிலேயே கூடியிருக்கிறது. பழைய காரை மாற்றவும் வீட்டுக்குச் சாமான் வாங்கவும் அவர் போவார். எம்2இல் இரண்டும் ஒரே எண்ணாகப் பதிவாகும். செலவில் ஒன்றாகாது. நாணயசாலை காட்டும் 40 விழுக்காடு அரசு செலவின் நிழல் என்பதே என் வாதம்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யூரோ மண்டலத்தின் பணவீக்கம் 2022 அக்டோபரில் 10.6 விழுக்காடு, பிரிட்டனில் அதே மாதம் 11.1. அமெரிக்கா அளவுக்கு யூரோ நாடுகளில் பண அளிப்பு வீங்கவில்லை. அங்கே எரிவாயு விலைதான் முன்னால் நின்றது. ஜப்பானோ 2013 முதல் அடிப்படைப் பணத்தை இரண்டே ஆண்டில் இரட்டிப்பாக்கியும் 2 விழுக்காட்டை எட்டாமல் பல ஆண்டுகள் தவித்தது.


நாணயசாலை:

நிழல் என்றாலும் பொருள் இல்லாமல் நிழல் விழாது. அரசு கொடுத்த காசோலைகளுக்கு ஃபெட் பத்திரம் வாங்கி வழிவிடாமல், அந்தக் கடன் முழுவதையும் மக்களின் சேமிப்பிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தால், ஒருவர் கணக்கில் ஏறியது இன்னொருவர் கணக்கில் இறங்கியிருக்கும். எம்2 இப்படி உயர்ந்திருக்காது, வட்டியும் பூஜ்யத்தில் இருந்திருக்காது. விக்செலின் இயற்கை வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை: அதை எந்தப் புள்ளிவிவர அலுவலகமும் அளந்து வெளியிடுவதில்லை. பணவீக்கம் ஏறிய பிறகு, அப்படியானால் இயற்கை வட்டி உயர்ந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணிக்கிறோம். எம்2 குறையுள்ள அளவுகோல்தான். ஆனாலும் அது மாதந்தோறும் அச்சாகி வந்தது, 2021இல் ஃபெட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பணவீக்கம் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே ஓராண்டு போக்கினார்கள். 2022 மார்ச்சில் விழித்து, 2023 ஜூலைக்குள் 5.25–5.50 வரை வட்டியை ஏற்ற வேண்டியதாயிற்று.

எரிவாயு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒரு பொருளின் விலை ஏறுவது வேறு, எல்லா விலையும் சேர்ந்து ஏறுவது வேறு என்ற வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்.


மாதுங்கா:

விவாதம் முழுக்க அமெரிக்காவைப் பற்றியது என்றாலும், அளவுக்கும் விலைக்கும் உள்ள முடிச்சை நம் ரிசர்வ் வங்கி ஒரு முறை மிக நெருக்கமாகச் சந்தித்ததால் அதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சுக்மோய் சக்ரவர்த்தி குழு 1985இல் பரிந்துரைத்தபடி விரிந்த பண அளவாகிய எம்3ஐ இலக்காக வைத்து, 1998இல் பல அறிகுறிகளைப் பார்க்கும் முறைக்கு மாறி, 2016இல் 4 விழுக்காடு, கூடக் குறைய 2 என்ற பணவீக்க இலக்கைச் சட்டமாக்கியது இந்தியா. தேம்ஸ்கரை சொன்ன பாதையேதான், சற்றுத் தாமதமாக.

அந்தச் சட்டம் வந்த ஆண்டே நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு வங்கிகளுக்குத் திரும்பிவந்து வைப்பாக மாறியது. மக்கள் கையில் இருந்தது வங்கிகளின் இருப்பாக வந்து குவிந்தபோது, ஓரிரவு வட்டியைக் கீழே சரியவிடாமல் ரிசர்வ் வங்கி அதை உறிஞ்ச வேண்டியிருந்தது. இங்கே ரொக்க இருப்பு விகிதப்படி வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கட்டாயம் வைக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. ரிவர்ஸ் ரெப்போவில் உறிஞ்சலாம் என்றால், ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக அரசுப் பத்திரம் தர வேண்டும், ரிசர்வ் வங்கியின் கையில் இருந்த பத்திரமோ அளவானது. எனவே நவம்பர் 26 அன்று, செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையே கூடிய வைப்பு முழுவதையும், நூற்றுக்கு நூறு, வட்டியில்லாமல் கட்டும்படி ஆணையிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் உபரிப் பணத்தை உறிஞ்சவென்றே அரசு வெளியிடும் சந்தை நிலைப்படுத்தும் திட்டப் பத்திரங்களின் வரம்பை 30,000 கோடி ரூபாயிலிருந்து 6 லட்சம் கோடியாக்கிக் கொண்ட பிறகுதான் அந்த ஆணை விலக்கப்பட்டது. வட்டிக்குத் தளம் போட மத்திய வங்கி நினைத்தால் மட்டும் போதாது, அதற்குரிய கருவியும் சட்டமும் இருக்க வேண்டும். ஈடு இல்லாமலே வைப்பை ஏற்று வட்டி தரும் நிலையான வைப்பு வசதிக்கு 2018இல் சட்டத்தில் இடம் செய்து, 2022 ஏப்ரலில் 3.75 விழுக்காட்டில் தொடங்கினார்கள். ஃபெட் 2008இல் பெற்ற கருவியின் இந்திய வடிவம் அது.


வைகைக்கரையான்:

இறுதியாக ஒன்று. இருப்புக்கு வட்டி கொடுத்துத் தளம் போடுவது இவ்வளவு வசதி என்றால், அந்த வட்டி யாருடைய பணம்? 5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறியபோது 3 லட்சம் கோடி டாலர் இருப்புக்கு ஆண்டுக்கு 15,000 கோடி டாலர் அல்லவா வங்கிகளுக்குப் போயிருக்கும்?


பேரேடு:

ஏறத்தாழ அப்படித்தான், ரிவர்ஸ் ரெப்போவுக்குத் தந்த வட்டி அதற்கு மேல். பூஜ்ய வட்டிக் காலத்தில் வாங்கிய பத்திரங்களிலிருந்து ஃபெட்டுக்கு வந்தது சொற்ப வருமானம். கொடுக்க வேண்டியதோ சந்தை வட்டி. 2022 செப்டம்பர் முதல் வரவைவிடச் செலவு மிஞ்சியது, 2023இல் மட்டும் நட்டம் சுமார் 11,400 கோடி டாலர். ஃபெட் திவாலாகாது, நட்டத்தைப் பின்னாளில் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளும் தொகையாக எழுதி வைக்கிறது. அதுவரை அரசுக் கருவூலத்துக்கு வழக்கமாகப் போகும் பணம் போகாது. ஆகவே அது வரி செலுத்துவோரின் பணம்தான். இதை மனத்தில் வைத்துத்தான் ஐரோப்பிய மத்திய வங்கி 2023 செப்டம்பரிலிருந்து கட்டாய இருப்புக்கு வட்டியைப் பூஜ்யமாக்கியது. அதற்கு மேலுள்ள இருப்புக்கு வழக்கம்போல் தருகிறது. கடைசி ரூபாய்க்கோ யூரோவுக்கோ தரும் வட்டிதான் சந்தையில் தளத்தைப் போடுகிறது என்பதால், கீழே ஒரு பகுதிக்குத் தராவிட்டாலும் கொள்கைக்குக் குந்தகம் இல்லை.


நாணயசாலை:

கொள்கைக்குக் குந்தகம் இல்லை, வங்கிக்கு உண்டு. வட்டியில்லாமல் கட்டாயமாகப் பூட்டி வைக்கும் இருப்பு என்பது வங்கிகள் மீதான வரி. வங்கிகள் அதை வைப்பாளர்களுக்குக் குறைந்த வட்டியாகவும் கடனாளிகளுக்குக் கூடுதல் வட்டியாகவும் இறக்கிவிடும். அமெரிக்காவில் 2020 மார்ச் 26 முதல் கட்டாய இருப்பு விகிதமே பூஜ்யம் என்பதால், ஐரோப்பிய வழியை அங்கே பின்பற்ற வேண்டுமானால் முதலில் அந்த விகிதத்தை மறுபடியும் கொண்டுவர வேண்டும். அதைவிட, பத்திரக் கையிருப்பை வேகமாகக் குறைத்து 2008க்கு முந்தைய இறுக்கமான நிலைக்குத் திரும்புவதே நேரான வழி என்பேன். 2019 செப்டம்பரைக் காட்டி பேரேடு மறுப்பார். அன்று குறைந்தது இருப்பா, அல்லது எளிதில் பணமாகும் சொத்தைக் கையில் வைக்கச் சொல்லி நெருக்கடிக்குப் பின் வந்த விதிகளால் வங்கிகள் இருப்பை விட்டுக்கொடுக்கத் தயங்கியதா என்பதை அவர் தனி இழையில் எழுதினால் அங்கே தொடரலாம்.